டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு 295/80 ஆர் 22.5: மணலிப் பக்கத்திலிருந்து ஒரு மதிப்புரை

எண்ணூர் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகியவற்றுக்கும் மணலி, மாதவரம் வட்டாரக் கண்டெய்னர் கிடங்குகளுக்கும் இடையே நாற்பது அடி டிரெய்லர் இழுக்கும் எங்கள் வண்டியில், 10.00 ஆர் 20 டியூப் டயர்களைக் கழற்றிவிட்டு 295/80 ஆர் 22.5 டியூப்லெஸ் ரேடியல் டயர்களையும் அவற்றுக்கான புதிய டிஸ்க்குகளையும் (டயர் உட்காரும் ரிம்மோடு கூடிய சக்கரத் தகடுகள்) பொருத்தியிருக்கிறோம். இந்த மதிப்புரை அந்த அளவைப் பற்றியது. எந்த நிறுவனத்தின் டயர் சிறந்தது என்ற ஒப்பீட்டுக்குள் நான் போகவில்லை. இழுவை வண்டிக்கு அளவைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் எவ்வளவு உயர்ந்த டயரை வாங்கினாலும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் நம் பகுதியில் அளவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் "பக்கத்து வண்டிக்காரர் என்ன போட்டிருக்கிறார்" என்பதோடு முடிந்துவிடுகிறது.

திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். இன்று நாடறிந்த டயர் நிறுவனமாக நிற்கிறது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் பிறந்த அசோக் லேலண்டின் தொழிற்சாலை எண்ணூரில் இருக்கிறது. டயரும் லாரியும் உருவாகும் ஊரில் வாழும் நாம் டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிக்காமல் டயர் வாங்குவது எனக்கு வருத்தமளிக்கிறது. அந்த எண்களில்தான் பாதி விடை இருக்கிறது.

295/80 ஆர் 22.5 என்றால், காற்றடைத்த டயரின் அகலம் 295 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், உட்காரும் ரிம்மின் விட்டம் 22.5 அங்குலம் என்று பொருள். ரிம் விட்டமான 571.5 மில்லிமீட்டரோடு மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களையும் கூட்டினால் முழு விட்டம் ஏறக்குறைய 1044 மில்லிமீட்டர் வரும். 20 அங்குல ரிம்மில் உட்காரும் 10.00 ஆர் 20 டயரின் விட்டம் ஏறக்குறைய 1053. இரண்டுக்குமான வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ரிம் பெரிதாகிவிட்டதால் வண்டி உயர்ந்துவிடும், வேகமானி தவறாகக் காட்டும் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ரிம் பெரிதான அளவுக்குப் பக்கச்சுவர் குறைந்திருக்கிறது; வண்டியின் உயரமும் கியர் விகிதமும் நடைமுறையில் மாறுவதில்லை.

அப்படியானால் மாற்றுவதற்கு என்ன தேவை என்ற கேள்விக்கு விடை சுமைக் கணக்கில் இருக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு சரக்கு வண்டிகளின் அச்சுச் சுமை வரம்புகளை உயர்த்தியபோது, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு இருந்த 10.2 டன் 11.5 டன்னாகவும், எட்டு டயர் கொண்ட இரட்டை அச்சுக்கு இருந்த 19 டன் 21 டன்னாகவும், டிரெய்லரின் மூன்று அச்சுத் தொகுப்புக்கு இருந்த 24 டன் 27 டன்னாகவும் ஆயின. முன் அச்சுக்கு அதுவரை இருந்த 6 டன் வரம்பும் கூடியது. எங்கள் வண்டியின் பதிவுச் சான்றில் முன் அச்சு 7 டன், பின் அச்சு 11.5 டன், டிரெய்லர் அச்சுகள் 27 டன், மொத்தம் 45.5 டன் என்று இருக்கிறது.

சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 16 பி.ஆர். (பிளை ரேட்டிங், டயர் உறையின் வலிமையைக் காட்டும் எண்) 10.00 ஆர் 20 டயரின் சுமைக் குறியீடு 146/143. சாய்கோட்டுக்கு முன்னுள்ள எண் தனி டயருக்கும் பின்னுள்ளது ஜோடி டயருக்கும் உரியது. 146 என்றால் 3000 கிலோ. 143 என்றால் 2725 கிலோ. முன் அச்சில் இரண்டு டயர்கள் சேர்ந்து 6000 கிலோ தாங்கும், அதாவது பழைய வரம்பை அப்படியே தாங்கும், அதற்கு மேல் ஒரு கிலோவும் மிச்சமில்லை. பின் அச்சில் நான்கு டயர்கள் சேர்ந்து 10,900 கிலோ, பழைய 10.2 டன்னுக்கு அது போதும், புதிய 11.5 டன்னுக்குப் போதாது. 18 பி.ஆர். வகையில் குறியீடு 149/146 ஆக உயர்கிறது. அதில் பின் அச்சின் தாங்குதிறன் 12,000 கிலோவாகி அங்கே கணக்கு சரியாகிவிடுகிறது. முன் அச்சில் 6500 கிலோதான் கிடைக்கிறது. 7 டன்னுக்கு இன்னும் அரை டன் குறைவு. 152/148 குறியீடு கொண்ட 295/80 ஆர் 22.5 டயரில் தனி டயர் 3550 கிலோவும் ஜோடி டயர் ஒவ்வொன்றும் 3150 கிலோவும் தாங்குவதால், முன்னே 7100 கிலோ, பின்னே 12,600 கிலோ என்று இரண்டு அச்சுகளும் வரம்புக்குள் அடங்குகின்றன. குறைந்த வேகத்தில் ஓடும் வண்டிக்குச் சற்றுக் கூடுதல் சுமையை உற்பத்தியாளர் அட்டவணைகள் அனுமதிப்பதுண்டு. ஆயினும் மீஞ்சூர் வண்டலூர் வெளிவட்டச் சாலையில் ஏறியவுடன் நம் ஓட்டுநர்கள் என்ன வேகத்தில் போகிறார்கள் என்பதை அறிந்தவர் எவரும் அந்தச் சலுகையை நம்பி முன் டயரைத் தேர்ந்தெடுக்க மாட்டார்.

ஆகவே இழுவை வண்டியின் டயர் அளவை முன் அச்சிலிருந்து தொடங்கித்தான் தீர்மானிக்க வேண்டும். இழுப்பது பின் அச்சு என்பதால் எல்லோரும் அதையே பார்க்கிறார்கள். பின் அச்சில் ஒரு டயர் வெடித்தால் பக்கத்து டயர் கொஞ்ச நேரம் தாங்கும். முன்னே வெடித்தால் ஸ்டியரிங்கே கையை விட்டுப் போய்விடும், பின்னால் வரும் நாற்பது அடி டிரெய்லர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்.

பதிவுச் சான்றில் உள்ள எண் உச்ச வரம்பு மட்டுமே; உண்மையில் எந்த அச்சில் எவ்வளவு இறங்குகிறது என்பதை எடைமேடையில்தான் அறிய முடியும். முழு வண்டியை நிறுத்தி மொத்த எடையை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது வழக்கமாகிவிட்டது. முன் அச்சை மட்டும் ஏற்றி ஒரு எடை, இழுவை வண்டியின் இரண்டு அச்சுகளையும் ஏற்றி இன்னொரு எடை என்று எடுத்தால் எல்லாம் தெளிவாகிவிடும். குறிப்பாக இருபது அடிக் கண்டெய்னர் ஏற்றும்போது இதைச் செய்து பார்க்க வேண்டும். இருபது அடிப் பெட்டி ஒன்றின் அதிகபட்ச மொத்த எடை 30.48 டன் வரை போகலாம். அதை நாற்பது அடிப் படுக்கையின் முன்பகுதியில் வைத்தால் கிங்பின் (டிரெய்லரை இழுவை வண்டியோடு இணைக்கும் முளை) வழியாக இழுவை வண்டியின் பின் அச்சின் மேல் இறங்கும் சுமை வரம்பைத் தாண்டிவிடும். எந்த டயர் அளவும் அதற்கு மருந்தாகாது. பெட்டியை நடுவில் ஏற்றச் சொல்லிக் கிடங்கில் வாதாட வேண்டியிருந்தாலும் வாதாடத்தான் வேண்டும்.

அடுத்தது டிஸ்க். இந்த டயருக்கு உரிய ரிம் அகலம் 9.00 அங்குலம், 8.25 அங்குல ரிம்மிலும் போடலாம். விலை குறைவு என்பதாலும் எளிதாகக் கிடைப்பதாலும் 8.25ஐயே பலர் வாங்குகிறார்கள். ரிம் குறுகினால் டயரின் அகலமும் சில மில்லிமீட்டர் குறைகிறது, பக்கச்சுவர் சற்று உப்பிக்கொண்டு நிற்கிறது. துறைமுகக் கிடங்கின் உள்ளே இடுக்கான இடத்தில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது 9.00 ரிம்மில் உட்கார்ந்த டயர் குறைவாகவே அசைகிறது. முன் அச்சுக்கு 9.00 கட்டாயம் வேண்டும் என்பேன். பின் அச்சில் 8.25 போடுவதானால் ஜோடி டயர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சுமை ஏற்றிய நிலையில் பார்க்க வேண்டும். வெறும் வண்டியில் விரல் நுழையும் இடைவெளி சரக்கு ஏறியதும் மூடிக்கொள்ளும், இரண்டு டயர்களின் பக்கச்சுவர்களும் உரசிச் சூடேறும். இந்த இடைவெளியைத் தீர்மானிப்பது டிஸ்க்கின் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் டிஸ்க் ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சு முனை) உட்காரும் முகத்துக்கும் உள்ள தொலைவு. பழைய டிஸ்க்கின் ஆஃப்செட்டையே புதியதற்கும் வைத்துக்கொண்டால், டயர் அகலமான அளவுக்கு நடுவில் இடம் குறைந்துவிடும். போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் ஒத்துப்போனால் டிஸ்க் பொருந்திவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. ஹப்பின் நடுவளையத்தில் உட்காரும் டிஸ்க் வேறு, கூம்பு நட்டால் நடுப்படும் டிஸ்க் வேறு. ஒன்றுக்குரிய நட்டை மற்றொன்றுக்குப் போட்டால் துளையைச் சுற்றி விரிசல் விடும்.

இங்கே பல வண்டிக்காரர்கள் விரும்பும் 11.00 ஆர் 20 அளவையும் சொல்லியாக வேண்டும். பார்வைக்குக் கம்பீரமாக இருக்கிறது, அதிகச் சுமை தாங்கும் என்பதும் உண்மை. ஆனால் அதன் விட்டம் ஏறக்குறைய 1085 மில்லிமீட்டர். 10.00 ஆர் 20 போட்ட வண்டியில் அதை மாட்டினால் சக்கரம் மூன்று சதவீதம் பெரிதாகிறது, அதே அளவுக்கு இழுவிசை குறைகிறது. வேகமானி 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 62இல் போய்க்கொண்டிருக்கும். எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுக வாயிலை நோக்கி நீளும் வரிசையில் நின்று நின்று நகரும் வண்டிக்கு இது நேரடியான பாதிப்பு. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கிளட்ச் கூடுதலாக வழுக்குகிறது. இழுவை வண்டியின் பின்புறம் உயர்வதால் டிரெய்லரின் முன்பகுதி உட்காரும் ஃபிஃப்த் வீல் தட்டும் உயர்ந்து, டிரெய்லர் பின்பக்கம் சரிந்து நிற்கிறது. அதனால் மூன்று அச்சுகளில் கடைசி அச்சின் மேல் கூடுதல் சுமை விழுந்து அந்த டயர்கள் முதலில் தேய்கின்றன. டிரெய்லர் வண்டிக்கு இந்த அளவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிரெய்லரின் டயர்களை நாங்கள் மாற்றவில்லை. 27 டன்னைப் பன்னிரண்டு டயர்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 2250 கிலோதான் வருகிறது. 2725 கிலோ தாங்கும் பழைய 10.00 ஆர் 20 அங்கே தாராளமாகப் போதும். டிரெய்லர் டயரின் எதிரி சுமையைவிடத் திருப்பமே. மூன்று அச்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நேராக நிற்பதால், இடுக்கில் திரும்பும்போது முதல் அச்சும் மூன்றாவது அச்சும் பக்கவாட்டில் இழுபடுகின்றன. தண்டையார்பேட்டை கண்டெய்னர் டிப்போவிலோ மணலி கிடங்குகளிலோ காங்கிரீட் தரையில் வளைந்து கிடக்கும் கறுப்புக் கோடுகளைப் பார்த்தாலே அந்த இழுபாடு எவ்வளவு என்பது புரியும். அங்கே பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்) ஆழமான லக் டயரைப் போடுவது வீண். நேர்க்கோட்டு ரிப் டயர்தான் சீராகத் தேயும். நல்ல உறையுள்ள ரீட்ரெட் டயரை (தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது) டிரெய்லரில் தயக்கமின்றி ஓட்டலாம். முன் அச்சில் மட்டும் அது ஒருபோதும் கூடாது.

இழுவை வண்டியில் 22.5, டிரெய்லரில் 20 என்று வைத்ததால் வரும் தொல்லை ஸ்டெப்னியில் இருக்கிறது. முன்பு ஒரே ஸ்டெப்னி பதினெட்டு சக்கரங்களுக்கும் உதவியது. இப்போது இரண்டு வேண்டும். விட்டம் நெருக்கமாக இருக்கிறதே என்று 20 அங்குல ஸ்டெப்னியை 22.5க்கு ஜோடியாகப் பின் அச்சில் போட ஓட்டுநருக்கு ஆசை வரும். ஜோடி டயர்களின் விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் பெரிய டயர் கூடுதல் சுமையை ஏற்றுச் சூடாகிறது, சின்ன டயர் தரையில் தேய்த்துக்கொண்டு ஓடுகிறது. இவை இரண்டுக்கும் 9 மில்லிமீட்டர் வேறுபாடு. கிடங்கு வரை மெதுவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குக்கூட இதை நாங்கள் அனுமதிப்பதில்லை.

ஓட்டத்தில் எப்படி இருக்கிறது என்றால், மிகுந்த மனநிறைவு. சாலையில் கிடக்கும் போல்ட்டும் ஆணியும் கம்பித் துண்டும் நம் பகுதியின் நிரந்தரத் தொல்லை. டியூப் டயரில் ஆணி ஏறினால் டியூப் கிழிந்து காற்று ஒரேயடியாகப் போய்விடும். டியூப்லெஸ் டயரில் ஆணி தங்கிக்கொண்டு காற்று மெல்ல இறங்குகிறது, ஓட்டுநருக்குப் பாதுகாப்பான இடம் தேடி ஓரங்கட்ட நேரம் கிடைக்கிறது. டியூப், ஃப்ளாப் (டியூப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் ரப்பர் பட்டை), பூட்டு வளையம் (டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் இரும்பு வளையம்) எதுவும் இல்லாததால் சக்கரத்தின் எடையும் குறைகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, காற்றடிக்கும்போது பூட்டு வளையம் பிடுங்கிக்கொண்டு பறக்கும் ஆபத்து இந்த ரிம்மில் இல்லை. அந்த வளையத்துக்கு முன்னால் கூண்டு ஏதும் இல்லாமல் குந்தி உட்கார்ந்து வேலை பார்க்கும் பஞ்சர் கடைப் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாக இருக்கும்.

குறைகளும் உண்டு. டியூப்லெஸ்ஸில் காற்றை அடைத்து வைப்பது டயரின் விளிம்பும் ரிம்மும் சேரும் இடம்தான். ஆழமான பள்ளத்தில் விழுந்து ரிம் விளிம்பு வளைந்தால் காற்றுக் கசியத் தொடங்கும். கடற்காற்றின் உப்பு இன்னொரு காரணம். எண்ணூர், கத்திவாக்கம் பக்கம் இரவெல்லாம் நிற்கும் வண்டிகளின் ரிம்மில் துரு விரைவாகப் பிடிக்கிறது. டயரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அது உட்காரும் பகுதியைச் சுரண்டிச் சுத்தம் செய்து வண்ணம் பூச வேண்டும். சாலையோரப் பஞ்சர் கடைகள் எல்லாவற்றிலும் இந்த டயரைக் கையாளத் தெரிந்த ஆளும் கருவியும் இருப்பதில்லை. சுத்தியலால் விளிம்பை அடித்துக் கிழித்துவிட்டால் டயர் போனது போனதுதான். காற்றழுத்தம் குளிர்ந்த நிலையில் 120 பி.எஸ்.ஐ. அளவில் வேண்டும், சரியான எண்ணை உற்பத்தியாளரின் அட்டவணையில் அச்சுச் சுமைக்கு ஏற்பப் பார்த்துக்கொள்ளலாம். டயர் குறைந்த காற்றில் ஓடினால் பக்கச்சுவரின் உள்கம்பிகள் வெளியே தெரியாமலே களைத்துப்போகும் என்பதால், சுத்தியலால் தட்டி ஓசை கேட்டுக் காற்றைக் கணிக்கும் பழக்கத்தை எங்கள் ஓட்டுநர்களிடம் நிறுத்தச் சொல்லி ஆளுக்கொரு அழுத்தமானி கொடுத்திருக்கிறோம்.

பொருத்திக் கொடுத்த கடை மாதவரம் பக்கத்தில் உள்ளது. பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. உள்ளே போனதும் ஃபிட்டர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்திருந்தது: "மொதல்ல ஆர்சி புக்கக் காட்டுங்க சார், அப்பறம் சைஸ் பேசலாம்." பதிவுச் சான்றில் ஒவ்வொரு அச்சுக்கும் டயரின் எண்ணிக்கையும் அளவும் பதிவாகியிருக்கும். வண்டித் தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு அனுமதித்த மாற்று அளவுகளில் ஒன்றாகப் புதியது இருக்க வேண்டும். எங்கள் கையேட்டில் இரண்டு அளவுகளும் இருந்தன. இல்லாதவர்கள் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதியில்லாத மாற்றங்களைத் தடை செய்கிறது, விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கோரிக்கையும் சிக்கலாகும்.

டயர்களின் பக்கச்சுவரில் ஐ.எஸ். 15636 முத்திரையையும் உற்பத்தி வாரத்தையும் காட்டிவிட்டே அவற்றை எடுத்துக் கொடுத்தார்கள். நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஆறு டயர்களும் ஒரே சமயத்தில் உருவானவையாக இருந்தது நல்ல அடையாளம். டிஸ்க்கும் ஹப்பும் சேரும் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்தார்கள், முன் அச்சுக்கு அலைன்மென்ட் பார்த்தார்கள், முன் சக்கரங்களைப் பேலன்ஸ் செய்தார்கள். குறை ஒன்றே ஒன்று. நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு அத்தோடு முடிக்கப் பார்த்தார்கள். டார்க் ரெஞ்சால் அளந்து இறுக்கக் கேட்டபோது மறுக்காமல் செய்தாலும், கேட்காத வாடிக்கையாளருக்கும் அதைச் செய்திருக்க வேண்டும். புதிய டிஸ்க் மாட்டிய வண்டியில் முதல் நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகள் சற்றுத் தளர்வது இயல்பு. சுமையேற்றி ஒரு நடை போய்வந்ததும் மீண்டும் இறுக்க வரச் சொல்லி அவர்களாகவே தொலைபேசியில் நினைவூட்டியதை மனமாரப் பாராட்டுகிறேன்.

செலவைப் பொறுத்தவரை, டயருக்கு ஆகும் தொகையோடு ஏழு டிஸ்க்குகளின் விலையும் சேர்வதால் முதல் மாற்றம் கனமாகவே இருக்கும். டயர் தேயும்வரை காத்திருந்து, ஆறையும் ஒரே சமயத்தில் மாற்றுவதே சரி. முன் அச்சுக்கு மட்டும் இப்போது, பின்னுக்கு அடுத்த ஆண்டு என்று பிரித்தால் இழுவை வண்டியிலேயே இரண்டு வகை டயர் ஓட நேரும். முன் அச்சில் 6 டன்னுக்குள்ளேயே சுமை இறங்கும் பழைய வண்டிகளுக்கும், வெறும் கண்டெய்னர்களை மட்டும் இடம் மாற்றும் வண்டிகளுக்கும் இந்த மாற்றம் தேவையில்லை. பின் அச்சுக்கு 18 பி.ஆர். வகை 10.00 ஆர் 20 வாங்கிக்கொண்டால் போதும். 45.5 டன், 55 டன் பதிவுள்ள வண்டிகளை முழுச் சுமையில் ஓட்டுபவர்கள் மாற வேண்டும். புதிதாக டிரெய்லர் கட்டக் கொடுப்பவர்கள், அச்சும் ஹப்பும் ஆர்டர் செய்யும்போதே 22.5 டிஸ்க்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் இரண்டு ஸ்டெப்னித் தொல்லை இல்லாமல் போகும். எங்கள் அடுத்த டிரெய்லருக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.